சர்க்கரை குறையும்போது என்ன செய்ய வேண்டும்?

சர்க்கரை நோய் என்றதும் இரத்தத்தில் சர்க்கரை கூடுவதைப் பற்றியே நாம் கவலைப்படுகிறோம். கூடுவதால் விளையும் கேடுகள் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்பவை. குறைவதால் வரும் ஆபத்தோ சில நிமிடங்களில் நேரக்கூடியது. மூளை தன் இயக்கத்திற்குக் குளுக்கோஸையே பெரிதும் நம்பியிருப்பதுதான் இதற்குக் காரணம்.

இரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவதைத் தாழ்சர்க்கரை என்கிறோம். இன்சுலின் செலுத்திக்கொள்பவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கும் இது நேரும் வாய்ப்பு மிகுதி.

அறிகுறிகள்

முதலில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும்பசி ஆகியவை தோன்றும். அப்போதே கவனிக்காவிட்டால் பேச்சுக் குழறல், காரணமற்ற சினம், குழப்பம், வலிப்பு, நினைவிழப்பு எனத் தொடரும். முதியவர்களிடமும் சில இரத்த அழுத்த மாத்திரைகளை உட்கொள்பவர்களிடமும் தொடக்க அறிகுறிகள் வெளிப்படாமலே போகலாம். ஆகவே பெரியவர் ஒருவர் திடீரென உளறினால், வயதின் தளர்ச்சி என்று விட்டுவிடாமல் உடனே சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். கருவி இல்லையெனில் தாழ்சர்க்கரை என்றே கொண்டு சிகிச்சையைத் தொடங்குங்கள்.

உடனடி உதவி

1. நினைவோடு விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். இது ஏறத்தாழ 15 கிராம் ஆகும்.

2. 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் அதே அளவை மறுபடியும் கொடுங்கள்.

3. சீரானதும் இட்லி, பிஸ்கட், சோறு என ஏதேனும் உணவு உண்ணச் செய்யுங்கள்.

சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அவசரத்திற்கு அது உதவாது. அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை உட்கொள்பவர்களுக்குச் சர்க்கரை விரைந்து பயன் தராது. குளுக்கோஸ் தூளே வேண்டும்.

நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாய்க்குள் சென்று உயிருக்கே ஆபத்தாகலாம். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108-ஐ அழையுங்கள்.

தெளிந்த பின்னும் கவனம் தேவை

மேற்கூறிய மாத்திரைகளின் வேலை பல மணி நேரம் நீடிக்கும். காலையில் தெளிந்தவருக்கு மாலையில் மீண்டும் சர்க்கரை இறங்கலாம். இக்காரணத்தினால்தான், நலமாகிவிட்டதாகத் தோன்றும் நோயாளியையும் ஒரு நாள் மருத்துவமனையில் தங்கவைத்துக் கண்காணிக்கிறோம்.

வராமல் தடுக்க

மருந்து எடுத்துக்கொண்டபின் உணவைத் தள்ளிப்போடுவதே நாங்கள் அடிக்கடி காணும் காரணம். விரதம், வாந்தி, வழக்கத்திற்கு மீறிய உழைப்பு, மது ஆகியவையும் காரணமாகலாம். விரதம் இருக்க விரும்புவோர் முன்னதாகவே எங்களைக் கலந்து, மருந்தளவை மாற்றிக்கொள்ளலாம். சிறுநீரகம் பழுதுற்றால் மருந்து உடலில் கூடுதல் நேரம் தங்கும். எனவே முன்பு ஏற்ற அளவே பின்னர் மிகையாகலாம்.

சட்டைப்பையிலோ கைப்பையிலோ குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். தாழ்சர்க்கரை வந்த நாள், நேரம், அதற்குமுன் உண்டது ஆகியவற்றைக் குறித்துவைத்து அடுத்த வருகையின்போது காட்டுங்கள். அச்சத்தால் மருந்தைத் தாமாகவே நிறுத்திவிட வேண்டாம். அக்குறிப்பைக் கொண்டே உங்களுக்கு ஏற்ற அளவை நாம் சேர்ந்து முடிவு செய்ய இயலும்.