இரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிவது ஏன்?



கல்வராயன் மலையில் ஒரு வீடு. பெரியவருக்கு நெஞ்சுவலி வந்து கள்ளக்குறிச்சியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். "இருதய இரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது" என்றார் டாக்டர். வீடு திரும்பிய மாமியார், முழுகாமல் இருந்த மருமகளின் கால்சியம் மாத்திரையைப் பிடுங்கி எரவாணத்தில் சொருகிவிட்டார். "இதுவும் சுண்ணாம்புதானே? உனக்கும் அடைச்சுக்கும். கேவுரு கூழும் வேணாம்."

"ஏன் பெரியம்மா இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன். "பயந்தான் சார்" என்றார். இந்தப் பயம் தவறானது, ஆபத்தானதும்கூட.

சுண்ணாம்பு எப்படிப் படிகிறது?

பீடி, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு ஆகியவை இரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன. அங்கே கொழுப்பு புகுந்து தங்குகிறது. அதை அகற்ற வரும் உயிரணுக்கள் அங்கேயே மடிகின்றன. அந்தக் குப்பையில்தான் இரத்தத்திலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் படிகின்றன. நம் எலும்பில் உள்ள தாதுப்பொருள் போன்றதே இது. நாளடைவில் துகள்கள் ஒன்றுகூடிக் கட்டியாகி, குழாய் விறைத்துப் போகிறது. எனவே சுண்ணாம்பு முதல் குற்றவாளி அல்ல. நெடுநாள் நோயின் தழும்பு.

இது இன்றைய நோயும் அல்ல. எகிப்து, பெரு முதலிய இடங்களின் 137 பழங்காலச் சடலங்களை ஸ்கேன் செய்த ஆய்வு 2013-இல் வெளியானது. 47 சடலங்களில் இந்நோயின் அடையாளம் தெரிந்தது. காட்டிக் கொடுத்தது சுண்ணாம்புப் படிவே.

கர்ப்பிணிகள் கால்சியம் மாத்திரை சாப்பிடலாமா?

கட்டாயம் சாப்பிட வேண்டும். அது குழந்தையின் எலும்புக்கு உதவும். கர்ப்பகால இரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பையும் குறைக்கும். இரும்புச் சத்து மாத்திரையுடன் சேர்த்து விழுங்காதீர்கள். 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கேழ்வரகும் பாலும் நல்லவையே. மற்றவர்கள், முக்கியமாகச் சிறுநீரக நோயாளிகள், டாக்டரைக் கேட்காமல் கடையில் கால்சியம் மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

வெற்றிலைச் சுண்ணாம்பு?

அது நேராகப் போய்க் குழாயில் ஒட்டுவதில்லை. கூடவே போடும் புகையிலைதான் இரத்தக் குழாயையும் வாயையும் கெடுக்கும்.

செய்ய வேண்டியவை

1. பீடி, புகையிலையை விடுங்கள். உப்பைக் குறையுங்கள்.
2. 30 வயதுக்கு மேல் இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வரும். நடுவில் நிறுத்தாதீர்கள்.
3. நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'இதயம் காப்போம்' திட்டத்தின் முதலுதவி மாத்திரைகள் உண்டு.

அந்த வீட்டில் மாத்திரை எரவாணத்திலிருந்து இறங்கியது. பெரியவரின் பீடிக்கட்டு அடுப்புக்குப் போனது.

கால்சியத்துக்கு அஞ்ச வேண்டாம், பீடிக்கு அஞ்சுவோம்!