நட்புக்கு வழி தேடும் வளரிளம் பருவம்: பொன்முடி மலையிலிருந்து ஒரு நோக்கு

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி அமைந்துள்ளது. 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வரும் சுற்றுலாப் பயணிகள் பனிமூட்டத்தையும் தேயிலைச் சரிவுகளையும் கண்டு களித்துத் திரும்புகின்றனர். அச்சரிவுகளில் உழைத்துவரும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் தமிழ் பேசுவோரும் உளர். கேரளத்தில் மேல்தொடக்கக் கல்வி 7-ஆம் வகுப்புடன் முடிவடைகிறது. அதன்பின் உயர்நிலைக் கல்விக்கு மலைப் பிள்ளைகள் விதுரா போன்ற அடிவார ஊர்களுக்கு இறங்கியாக வேண்டும்.

இவ்வாறு இறங்கும் 13 வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம். அவன் மலையாளம் அறிவான். ஆயினும் வேடிக்கைப் பேச்சில் ஈடுகொடுக்க அவனுக்கு ஒரு கணம் தாமதமாகிறது. நட்பு பெரும்பாலும் அந்த ஒரு கணத்தில்தான் உருவாகிறது. மாலையில் பிறர் பந்து விளையாட மைதானத்துக்குச் செல்லும்போது அவன் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறான். பெருமழையில் மலைச்சாலை இடிந்து போக்குவரத்து தடைப்பட்டதை நினைவுகூர்ந்தால், இச்சிறுவனின் தோழமை எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பது விளங்கும். ஆசிரியரோ அவனை ‘அமைதியான பையன்’ என்று குறித்துக்கொள்கிறார். தொல்லை தராத பிள்ளையின் துன்பம் கண்ணில் படுவதில்லை.

இது ஓர் ஊரின் சிக்கல் மட்டுமன்று. உலக சுகாதார நிறுவனத்தின் சமூகத் தொடர்பு ஆணையம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் வருந்துகின்றனர். 13 முதல் 29 வயதுக்குட்பட்டோரில் இது 17 முதல் 21 விழுக்காடு. அதிலும் பதின்பருவத்தினரிடையேதான் மிகுதி. தனிமையுணர்வு கல்வியையும் உடல் நலத்தையும் ஒருங்கே பாதிக்கிறது என்றும் அவ்வறிக்கை கூறுகிறது.

நண்பரில்லாத பிள்ளைகள் அனைவரும் ஒரே வகையினர் அல்லர். கோய், டாட்ஜ், கொப்பொட்டெல்லி ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள், யாரை மிகவும் விரும்புகிறீர்கள், யாரை விரும்பவில்லை என்று பிள்ளைகளிடமே வினவி, 1982-இல் ஒரு பகுப்பை வெளியிட்டனர். எவராலும் பெயர் சொல்லப்படாத, கவனிக்கப்படாத பிள்ளை ஒரு வகை. பலராலும் வெளிப்படையாக வெறுத்து ஒதுக்கப்படும் பிள்ளை வேறு வகை. முன்னவனுக்குப் பெரும்பாலும் வாய்ப்பே தேவை. பின்னவனுக்குத் தன் சினத்தை அடக்கும் பயிற்சியும், வகுப்பினரின் மனமாற்றமும் தேவை. தனித்திருப்பதையே விரும்பி, அதில் நிறைவும் காணும் பிள்ளைகளும் உண்டு; அவர்களை வற்புறுத்துதல் தகாது. காது சரியாகக் கேளாத பிள்ளை கூச்சமுள்ளவன் என்று தவறாகக் கருதப்படுவதும் உண்டு. ஆகவே அறிவுரைக்கு முன் செவித்திறனைச் சோதிப்பது நலம்.

‘போய் நாலு பேரோடு பேசு’ என்னும் அறிவுரையால் பயன் மிகக் குறைவு. எவ்வாறு பேசுவது என்பதே அவன் அறியாதது. 1977-இல் ஓடன், ஆஷர் என்னும் இருவர், வகுப்பில் ஒதுங்கிநின்ற 3, 4-ஆம் வகுப்புச் சிறுவர்க்கு விளையாட்டில் கலந்துகொள்ளல், முறைவைத்து ஆடுதல், பேசுதலும் கேட்டலும், பிறரைப் பாராட்டுதல் ஆகியவற்றைச் சொல்லிக்கொடுத்து, உடனே விளையாடவும் வைத்தனர். ஓராண்டுக்குப் பின்னும் அதன் பயன் நிலைத்திருந்தது. அவர்கள் வயதில் சிறியவர்கள் எனினும், சொல்லிக்கொடுத்த உடனே பழகவைக்கும் முறை வளரிளம் பருவத்தினருக்கும் பொருந்தும்.

வகுப்பறையை மாற்றியமைக்கும் முயற்சிகளுள் எலியட் ஆரன்சன் 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் தொடங்கிய முறை நம் கருத்துக்கு மிகவும் உரியது. வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழியினர் ஆகியோரின் பிள்ளைகள் ஒரே பள்ளியில் முதன்முறையாகச் சேர்ந்தபோது பூசல் மூண்டது. அவர் பாடத்தை ஐந்தாறு கூறுகளாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு கூற்றை மட்டும் வழங்கினார். பிறர் கற்பிக்காமல் எவரும் முழுப்பாடத்தையும் அறிய இயலாது. ஆங்கிலத்தில் தடுமாறிய சிறுவனைக் கேலி செய்தவர்கள், அவனிடமுள்ள பகுதி தங்களுக்கு வேண்டும் என்பதை உணர்ந்ததும், பொறுமையுடன் கேள்வி கேட்கத் தொடங்கினர். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றிய பாடத்தில் தேயிலை பற்றிய கூற்றைப் பொன்முடிப் பிள்ளைக்கு அளித்தால் என்ன நிகழும்? கொழுந்து பறிப்பதை அவனைவிட நன்கு சொல்லக்கூடியவர் அவ்வகுப்பில் யார்? இதற்குத் தனி நிதியோ அரசாணையோ தேவையில்லை.

பள்ளிக்கு வெளியேயும் வழிகள் உள. கேரளத்தில் 2010-இல் தொடங்கிய மாணவர் காவல் படை, 1998-இல் தோன்றிய குடும்பஸ்ரீயின் பாலசபைகள், பி. என். பணிக்கர் 1945-இல் தொடங்கிவைத்த இயக்கத்தின் வழிவந்த ஊர் நூலகங்கள் ஆகியவை பிள்ளைகளைப் பொதுச் செயலில் இணைக்கின்றன. கூச்சமுள்ள பிள்ளைக்கு உரையாடலைவிடக் கைவேலை எளிது; நூல்களை அடுக்கும்போது பேச்சு தானே பிறக்கும். 2014-இல் தொடங்கப்பட்ட தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம் 10 முதல் 19 வயதினருக்காகச் சிறப்பு மருத்துவ ஆலோசனை மையங்களையும் சமவயது வழிகாட்டிகளையும் ஏற்படுத்தியது. உறக்கமின்மை, பள்ளிக்குச் செல்ல மறுத்தல், வாழ்வில் பற்றின்மை பற்றிய பேச்சு ஆகியவை தென்படின் காலந்தாழ்த்தலாகாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். சிறுவர் உதவி எண் 1098.

பெற்றோர் பலரும் கேட்பது, எத்தனை நண்பர் வேண்டும் என்பது. ஹாட்ஜஸும் உடன் ஆய்ந்தோரும் 1999-இல் கனடாவில் கண்ட உண்மை இங்கு உதவும்: நெருங்கிய தோழர் ஒருவர் இருந்தாலே, பிறரால் துன்புறுத்தப்படும் பிள்ளையின் நிலை மேலும் சீர்கெடுவது தடைப்படுகிறது. இதனைத் தலைமையாசிரியர் எளிதில் செயற்படுத்தலாம். மலையிலிருந்து 8-ஆம் வகுப்புக்கு இறங்கிவரும் பிள்ளைகளை அகர வரிசைப்படி பல பிரிவுகளில் சிதறவிடாமல், ஒரு பிரிவில் இருவரேனும் இருக்குமாறு சேர்க்கலாம். மன்றக் கூட்டங்களையும் விளையாட்டையும் மாலைப் பேருந்து புறப்பட்ட பிறகு வைக்காமல், நண்பகல் இடைவேளையில் வைக்கலாம்.