தோலாவீரா போறியா? அக்கா சொல்ற டிப்ஸ்

2024 கோடையில நம்ம பெங்களூரு பிரேசர் டவுன்ல தண்ணி லாரிக்கு எப்படித் தவிச்சோம்! ஆனா அந்தக் காலத்துல உப்புப் பாலைக்கு நடுவுல ஒரு தீவுல, மழையை நம்பியே ஊர் கட்டி ஆயிரம் வருஷத்துக்கு மேல வாழ்ந்திருக்காங்க தங்கச்சி. குஜராத்துல கட்ச் ரண்ங்கிற அந்த உப்புப் பாலையில் இருக்கிற கதீர் தீவு. ஊர் பேரு தோலாவீரா. கி.மு. 3000 வாக்கில் தொடங்கின ஹரப்பா நகரம். 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அவசியம் போய்ப் பாரு.

எப்போ? டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. மழைக்காலத்தில் ரண்ணில் தண்ணி நிக்கும். கோடையில் ஒதுங்க நிழல் இருக்காது.

எப்படி? அகமதாபாத்துக்கு விமானம், அங்கிருந்து ராத்திரி ரயிலில் புஜ். புஜ்ஜிலிருந்து டாக்சியில் காவ்டா வழியா சுமார் 130 கி.மீ. காவ்டா தாண்டி ரண்ணைக் கடக்கிற பகுதியில் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வெள்ளை உப்புதான். பெட்ரோல், பணம், மருந்து எல்லாம் புஜ்ஜிலேயே பார்த்துக்கோ. எல்லைப் பக்கம்கிறதால ஆதார் கையில் இருக்கட்டும்.

எத்தனை நாள்? ஒரு ராத்திரியாவது அங்க தங்கு. வெயில் ஏறுறதுக்குள்ள நகரத்தைச் சுத்திடு. சாயங்காலம் பக்கத்துல இருக்கிற ஜுராசிக் கால மரப் புதைபடிவங்களைப் பார்க்கலாம். தொல்லியல் துறை அருங்காட்சியகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்த நாளைத் தவிர்த்துடு.

பையில்: தொப்பி, கெட்டியான ஷூ, ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, பேரீச்சம்பழம். ஆஃப்லைன் மேப்பும் இறக்கி வச்சுக்கோ.

எதைப் பார்க்கணும்? கோட்டைக்கு ஓடாதே, முதல்ல கிழக்கு நீர்த்தேக்கத்துக்குப் போ. 70 மீட்டருக்கு மேல நீளம், 10 மீட்டர் ஆழம்; கோயில் தெப்பக்குளம் மாதிரி படிக்கட்டு இறங்கும். மன்சார், மன்ஹார்னு ரெண்டு ஓடை. மழைக்கு மட்டும்தான் ஓடும். அதுக்குக் குறுக்கே அணை போட்டு, வெள்ளத்தைத் திருப்பித் தேக்கிட்டாங்க. அப்புறம் கோட்டை மேட்டுக்கு ஏறு. ஆள் நுழையுற அளவுக்கு மழைநீர் வடிகால் இருக்கும். மேட்டில் விழுந்த மழையையும் அவங்க வீணாக்கலை. கடைசியா வடக்கு வாசல்: பெரிய பெரிய பத்து சிந்து எழுத்து பதிச்ச பலகை கிடைச்ச இடம். அதை இன்னும் யாரும் படிச்சு முடிக்கலை.

கண்டிப்பா செய்யக் கூடாதது: காலடியில் பானை ஓடு, சங்கு வளையல் துண்டு தென்படும். குனிஞ்சு பார், எடுக்காதே. அது கிடக்கிற இடத்தை வச்சுத்தான் ஆய்வாளர்கள் அந்த மக்களோட கதையைச் சொல்றாங்க. பிள்ளைங்களுக்கும் இதை முன்கூட்டியே சொல்லிக் கூட்டிட்டுப் போ.