மதுவைக் குறைத்தலால் விளையும் நன்மைகள்

(அங்கத்தினர்களுக்கான பாடம்)

அறுந்த பாவிழையைப் பிணைப்பதற்கு விரல்கள் நடுங்காதிருத்தல் வேண்டும். சரிவான நிலத்தில் ஏர் பிடிப்பதற்குக் கால்கள் தளராதிருத்தல் வேண்டும். ஆகவே, ஜவ்வாது மலையில் சாமை விளைத்துத் தேனும் புளியும் சேகரிக்கும் குடியானவர்க்கும், சமவெளியில் ஆரணியில் பட்டு நெய்வோர்க்கும் உடல்நலமே முதல் மூலதனம். அம்மூலதனத்தைக் கரைப்பவற்றுள் மது முக்கியமானது.

சட்டமும் மனவுறுதியும்

மதுவிலக்கு நமக்குப் புதிதன்று. இராஜாஜியின் அமைச்சரவை 1937ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் அதனைத் தொடங்கிற்று. 1939இல், இம்மலை அப்போது அடங்கியிருந்த வட ஆர்க்காடு மாவட்டத்திற்கும் அது பரவிற்று. 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 1971இல் தளர்த்தப்பட்டது. பின்னர் மாற்றங்கள் பல நேர்ந்து, 2003 முதல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் நிறுவனமே நடத்தி வருகின்றது. சட்டங்கள் மாறலாம், மது உடலில் செய்யும் வேலை மாறுவதில்லை. எனவே அவ்வேலையை நாமே அறிந்துகொள்ளுதல் நலம்.

உடலில் நிகழ்வது யாது?

உட்கொண்ட மதுவின் பெரும்பகுதியைக் கல்லீரலே சிதைக்கின்றது. அது மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் சாராயச் சத்தையே சிதைக்க வல்லது. 180 மில்லி பிராந்தியில் அச்சத்து சுமார் 60 கிராம் உள்ளது. ஆகவே இரவு பத்து மணிக்கு அதனை அருந்தியவர், விடியற்காலையில் தறியில் அமரும்போதும், மலைப்பாதையில் வண்டி ஓட்டும்போதும் முழுத் தெளிவுடன் இருப்பார் என்று கொள்ளுதற்கில்லை. குளிர்ந்த நீராலோ, மோராலோ இதனை விரைவுபடுத்த இயலாது.

மது குளிரைப் போக்கும் என்பர் சிலர். அது தோலிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் வெப்பம் இருப்பதாகத் தோன்றுகின்றது. உண்மையில் உடலின் வெப்பம் வெளியேறுகின்றது. நல்ல உறக்கம் தரும் என்பதும் அத்தகையதே. உறக்கம் விரைவில் வரும், பின்னிரவில் கலையும்.

குறைத்தால் வரும் பயன்கள்

முதலாவது, உறக்கம் சீர்ப்படும். காலையில் சோர்வு குறையும். இரண்டாவது, மிகுதியாக அருந்தி வந்தவர்க்குச் சில வாரங்களிலேயே இரத்த அழுத்தம் தணியலாம். மூன்றாவது, மதுவினால் கல்லீரலில் சேர்ந்த கொழுப்பு, அறவே நிறுத்தின் பெரும்பாலும் சில வாரங்களில் நீங்கும். ஆனால் கல்லீரல் சுருங்கி இறுகிய பின் பழைய நிலைக்குத் திரும்புதல் அரிது. நான்காவது, வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகியவற்றில் புற்றுநோய் உண்டாகும் அபாயம் குறையும். தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என 2023இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. எனவே குறைத்தல் நன்று. நிறுத்துதல் அதனினும் நன்று.

பொருட்பயனும் உண்டு. நாள்தோறும் 100 ரூபாய் செலவிடுபவர் ஆண்டில் 36,500 ரூபாய் இழக்கின்றார். அதில் பாதியைச் சங்கத்தில் சேமித்தால் 18,250 ரூபாய் கையிருப்பாகும். விதைக்கும் நூலுக்கும் கடன் தேடி அலைய வேண்டிய நிலை ஒருவாறு தணியும்.

இரண்டு எச்சரிக்கைகள்

பல ஆண்டுகளாக நாள்தோறும் மிகுதியாக அருந்தியவர், வைத்தியரைக் கலவாமல் திடீரென நிறுத்தலாகாது. கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவை முதல் மூன்று நாட்களுக்குள் தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம். இவற்றைப் பேய் பிடித்ததென்று எண்ணி வீட்டில் வைத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இதற்கு மருந்துகள் உண்டு.

கடையில் வாங்குவதைக் குறைத்துவிட்டுக் கள்ளச்சாராயத்தை நாடுதல் பெருங்கேடு. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்தது. அந்நஞ்சு மணத்தாலும் நிறத்தாலும் புலப்படாது. பல மணி நேரம் கழித்தே பார்வை மங்கலும் வயிற்று வலியும் தோன்றும். அக்கணமே மருத்துவமனை செல்ல வேண்டும்.

செய்யத்தக்கவை

வாரத்தில் மதுவற்ற நாட்களை முதலில் குறித்துக்கொண்டு, அவற்றைப் படிப்படியாகப் பெருக்குக. வெறும் வயிற்றில் அருந்தற்க. கூலி பெற்றவுடன் குடும்பச் செலவுக்கு உரியதை வீட்டாரிடம் சேர்ப்பித்துவிடுக. தனியே இயலாதவர் 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியில் ஆலோசனை பெறலாம். மதுவுக்கு அடிமைப்படுதல் ஒரு நோய். அதற்குச் சிகிச்சை பெறுவதில் வெட்கத்திற்கு இடமில்லை. ஒருவர் விடமுயலும்போது ஏளனம் செய்யாது துணைநிற்றல் சக அங்கத்தினர் யாவர்க்கும் கடமையாகும்.

கூட்டத்தில் ஆராய்க

1. நம் ஊர் விழாக்களிலும் துக்க வீடுகளிலும் மது வழங்கும் வழக்கத்தை எவ்வாறு குறைக்கலாம்?
2. கூலி நாளிலேயே சேமிப்பைச் செலுத்தச் சங்கம் என்ன ஏற்பாடு செய்யலாம்?