ஆர்.வி. பயணத்திற்கு ஸ்மார்ட் போனும் டேட்டா பிளானும் அவசியமா?

அமெரிக்காவில் வசிக்கும் மகனையோ மகளையோ பார்க்கச் செல்லும் பெற்றோர் சிலருக்கு, அங்கு ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியில் ஊர் சுற்றும் வாய்ப்பும் கிடைக்கிறது. படுக்கை, அடுப்பு, பிரிட்ஜ், கழிப்பறை என அனைத்தும் கொண்ட இந்த வண்டியை வாடகைக்கு எடுத்து, தேசியப் பூங்காக்களுக்குக் குடும்பத்துடன் செல்கின்றனர். புறப்படும் முன் வீட்டில் ஒரு கேள்வி எழும். எல்லோருக்கும் ஸ்மார்ட் போன் வேண்டுமா? ஒவ்வொரு போனுக்கும் டேட்டா பிளான் எடுக்க வேண்டுமா?

இதற்கு விடை காண, மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். போன் ஒன்று, அதற்கான பிளான் ஒன்று, டவரிலிருந்து வரும் சிக்னல் ஒன்று. பலரும் இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துக் கொண்டு, சிக்னலே இல்லாத இடத்திற்குச் செல்வதற்காக அதிக விலையில் பிளான் வாங்கி விடுகின்றனர்.

பிளான் இல்லாத போன் என்ன செய்யும்?

நிறையவே செய்யும். முதலாவது ஜி.பி.எஸ். வசதி. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சிக்னல்களை உங்கள் போன் பெற்று, தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. இதற்கு சிம் கார்டு தேவையில்லை, டேட்டாவும் செலவாகாது. டேட்டா இருந்தால் இடத்தைச் சில விநாடிகளில் கண்டுபிடிக்கும். இல்லை எனில் சில நிமிடங்கள் ஆகலாம். அவ்வளவுதான் வேறுபாடு.

அப்படியானால் டேட்டா எதற்கு? மேப்பை டவுண்லோட் செய்வதற்கு. அதை வீட்டிலேயே வை-பி மூலம் செய்து கொள்ளலாம். கூகுள் மேப்ஸ் திறந்து, மேலே உள்ள உங்கள் படத்தின் மீது தட்டவும். கிடைக்கும் மெனுவில் ஆப்லைன் மேப்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அடுத்து, செலக்ட் யுவர் ஓன் மேப் என்பதைத் தட்டினால் ஒரு கட்டம் தோன்றும். செல்ல வேண்டிய பகுதி அதனுள் அமையும்படி சரி செய்து, டவுண்லோட் என்பதைத் தட்டவும். பின்னர் சிக்னல் இல்லாத இடத்திலும் வண்டி ஓட்டுவதற்கான வழி கிடைக்கும். ஆனால் போக்குவரத்து நெரிசல் பற்றிய தகவல் கிடைக்காது.

இரண்டாவது, தேசியப் பூங்காத் துறை 2021ல் வெளியிட்ட என்.பி.எஸ். என்ற அப்ளிகேஷன். இது இலவசம். நீங்கள் செல்லும் பூங்காவைத் தேர்ந்தெடுத்து, ஆப்லைனில் பயன்படுத்த சேமித்துக் கொண்டால், பூங்காவின் மேப்பும் தகவல்களும் போனிலேயே இருக்கும்.

மூன்றாவது, அவசர அழைப்பு. அமெரிக்காவில் 911 என்ற எண்ணுக்கு வரும் அழைப்பை, அந்தப் போனுக்கு பிளான் இல்லாவிட்டாலும் மொபைல் நிறுவனங்கள் இணைத்துத் தர வேண்டும் என்பது எப்.சி.சி. ஆணையத்தின் விதி. ஆனால் பிளான் இல்லாத போனுக்கு எண் இல்லை என்பதால், இணைப்பு அறுந்தால் அவர்களால் உங்களைத் திரும்ப அழைக்க முடியாது. நீங்கள்தான் மீண்டும் அழைக்க வேண்டும். எனவே பேசத் தொடங்கியதும் முதலில் இருக்கும் இடத்தைச் சொல்லி விடுங்கள்.

பிளான் இருந்தும் பயனில்லாத இடங்கள்

911க்கும் ஏதேனும் ஒரு நிறுவனத்தின் டவர் சிக்னல் வேண்டும். வாடகை வண்டியில் பலர் விரும்பிச் செல்லும் இடங்களில் அதுதான் இல்லை. கலிபோர்னியாவில் உள்ள டெத் வேலி பூங்காவின் பெரும்பகுதியில் மொபைல் சிக்னல் கிடைக்காது. 1913 ஜூலையில் 56.7 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவான இடம் இது. அங்கு ஜி.பி.எஸ். காட்டும் வழியை மட்டும் நம்பிச் செல்ல வேண்டாம் எனப் பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா மாநிலங்களில் வேறு ஒரு காரணம் உண்டு. அங்குள்ள ரேடியோ தொலைநோக்கிகளுக்கு இடையூறு வரக்கூடாது என்பதற்காக, 1958ல் சுமார் 34,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் ரேடியோ அமைதிப் பகுதி ஏற்படுத்தப்பட்டது. கிரீன் பேங்க் ஆய்வகத்தின் அருகே மொபைல் சிக்னலை எதிர்பார்க்க முடியாது.

இது போன்ற இடங்களில் எவ்வளவு பணம் கட்டிய பிளானும் உதவாது. பேப்பர் மேப், போதிய குடிநீர், நாம் எங்கே செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை அறிந்த ஓர் உறவினர் ஆகிய மூன்றும்தான் உதவும். ஐபோன் 14 மற்றும் அதன் பின் வந்த மாடல்களில், டவர் இல்லாத இடத்திலிருந்து செயற்கைக்கோள் வழியே அவசரச் செய்தி அனுப்பும் வசதி 2022 நவம்பரில் தொடங்கப்பட்டது. இதற்குத் திறந்த வானம் தெரிய வேண்டும்.

வண்டியின் உயரம் போனுக்குத் தெரியாது

கூகுள் மேப்ஸ் காருக்கான வழியைக் காட்டுகிறது. நீங்கள் ஓட்டுவது காரைப் போல் இரு மடங்கு உயரமுள்ள வண்டி. வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் ஒரு ரயில் பாலம் உள்ளது. அதன் கீழ் 11 அடி 8 அங்குல இடைவெளியே இருந்ததால், உயரமான வண்டிகள் அடிக்கடி மோதிக் கூரையை இழந்தன. 2019ல் பாலத்தை 12 அடி 4 அங்குலமாக உயர்த்தினார்கள். அதன் பின்னும் மோதல்கள் நடந்தன. பெரிய ஆர்.வி.கள் இதைவிடவும் உயரமானவை. சமையல் கேஸ் சிலிண்டர் உள்ள வண்டிகளுக்குச் சில சுரங்கப் பாதைகளில் தடையும் உண்டு.

எனவே வண்டியை எடுக்கும்போதே அதன் உயரம், நீளம், எடை ஆகியவற்றைக் கேட்டு, ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டி வையுங்கள். கார்மின் நிறுவனத்தின் ஆர்.வி. வகை ஜி.பி.எஸ். சாதனத்தில் இந்த அளவுகளைப் பதிந்தால், அதற்கேற்ற வழியைக் காட்டும். சாலை ஓரப் பலகை ஒன்று சொல்ல, போன் வேறொன்று சொன்னால், பலகையையே நம்புங்கள்.

எவ்வளவு டேட்டா தேவை?

மெயில், மேப், வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றுக்கு மிகக் குறைந்த டேட்டாவே செலவாகும். டேட்டாவை விழுங்குவது வீடியோதான். நெட்ப்ளிக்ஸ் தரும் கணக்குப்படி, சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்திற்கு 1 ஜி.பி. வரையிலும், எச்.டி. தரத்தில் 3 ஜி.பி. வரையிலும் செலவாகும். இரவில் 2 மணி நேரம் வீதம் 14 நாட்கள் எச்.டி. தரத்தில் பார்த்தால் 2 x 14 x 3 = 84 ஜி.பி. அதையே சாதாரணத் தரத்தில் பார்த்தால் 28 ஜி.பி. வீட்டில் வை-பி மூலம் முன்னதாகவே டவுண்லோட் செய்து எடுத்துச் சென்றால் ஒன்றும் இல்லை.

நமக்குத் தெரியாமல் செலவாகும் டேட்டாவும் உண்டு. கீழ்க்காணும் இரண்டையும் புறப்படும் முன் சரி செய்திடுங்கள்.

1. எடுக்கும் படங்களை கூகுள் போட்டோஸ் தானாகவே இன்டர்நெட்டுக்கு அனுப்பும். அதன் பேக்கப் செட்டிங்ஸ் பிரிவில், மொபைல் டேட்டா பயன்படுத்தும் வசதியை நிறுத்தி விடவும்.

2. லேப்டாப்பை போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால், அதை வீட்டு வை-பி என்று எண்ணி விண்டோஸ் அப்டேட் பைல்களை இறக்கத் தொடங்கலாம். இணைத்த பின் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வை-பி எனச் சென்று, அந்த இணைப்பின் ப்ராப்பர்டீஸ் பிரிவில் மீட்டர்டு கனெக்ஷன் என்பதை ஆன் செய்திடவும்.

பிளான் வாங்கும் முன்

இந்தியாவிலிருந்து போன் எடுத்துச் செல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022ல் 3ஜி சேவையை நிறுத்தி விட்டன. எனவே பழைய போன் அங்கு 911க்குக்கூட உதவாமல் போகலாம். *#06# என டயல் செய்தால் ஐ.எம்.இ.ஐ. எண் தெரியும். அதை மொபைல் நிறுவனத்தின் இணையதளத்தில் கொடுத்து, உங்கள் போன் அங்கு செயல்படுமா என்று பார்த்துவிட்டு சிம் வாங்குங்கள்.

அன்லிமிடெட் என்ற சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம். அப்படிப்பட்ட பல பிளான்களில் ஹாட்ஸ்பாட்டுக்கு அளவு உண்டு. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வேகம் குறையும். முகாம்களில் கிடைக்கும் வை-பியைப் பலரும் பகிர்ந்து கொள்வதால் மாலை வேளையில் அது மெதுவாகிவிடும். அதில் வங்கி வேலைகளைத் தவிர்ப்பது நல்லது.

முடிவாக என்ன செய்யலாம்?

ஸ்மார்ட் போன் அவசியம். ஆனால் எல்லோர் போனுக்கும் பிளான் அவசியமில்லை. இரண்டு வாரப் பயணம் செல்லும் குடும்பத்திற்கு இரண்டு போன்களில் சிறிய பிளான் போதும். அவை வெவ்வேறு நிறுவனங்களின் டவர்களைப் பயன்படுத்துபவையாக இருக்கட்டும். வெரைசானில் சிக்னல் இல்லாத இடத்தில் டி-மொபைல் கிடைக்கலாம், மாறியும் நடக்கலாம். வண்டியிலிருந்தே அலுவலக வேலை பார்ப்பவர்கள் மட்டும் பெரிய பிளானையோ, 2022 முதல் ஆர்.வி.களுக்கென வழங்கப்படும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணைப்பையோ நாடலாம். அடர்ந்த மரங்களின் கீழ் அதுவும் தடுமாறும்.

முகாம் முன்பதிவு ரசீது, பூங்கா அனுமதிச் சீட்டு, இன்சூரன்ஸ் தாள், வாடகை நிறுவனத்தின் தொலைபேசி எண் ஆகியவற்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் பிரிண்ட் எடுத்து ஒரு பைலில் போட்டு வண்டியில் வைத்து விடுங்கள். போன் பேட்டரி தீர்ந்தாலும் இந்தத் தாள்கள் உதவும். டவுண்லோட் செய்த மேப் சரியாக வேலை செய்கிறதா என்பதைச் சோதிக்க, புறப்படும் முதல் நாள் போனை ஏர்பிளேன் மோடில் வைத்து, வழி கேட்டுப் பாருங்கள். வழி காட்டினால் நிம்மதியாகக் கிளம்பலாம்.