குற்றவாளியின் பிழையா, கதாசிரியரின் பிழையா?

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று நன்னூல் எண்ணிச் சொல்கிறது. அவற்றுள் இரண்டு இங்கே நமக்கு வேண்டும். ஒன்று, குன்றக் கூறல். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது. மற்றொன்று, மாறுகொளக் கூறல். முன்னே சொன்னதற்கு முரணாகப் பின்னே சொல்வது. தொலைக்காட்சித் துப்பறியும் தொடர்களில் பார்வையாளர் கண்டுபிடித்து மகிழும் பிழைகளை இந்த இரண்டு பெயர்களுக்குள் அடக்கிவிடலாம். கதையில் விழும் பொத்தல் குன்றக் கூறல். ஒரு காட்சியில் நிறைந்திருந்த கோப்பை அடுத்த காட்சியில் குடிக்காமலே வற்றிப் போவது மாறுகொளக் கூறல்.

இத்தகைய பிழை காதல் கதையிலும் உண்டு. புராணப் படத்திலும் உண்டு. அங்கே சிரித்துவிட்டு மேலே போகிறோம். துப்பறியும் கதையில் மட்டும் அது ஏன் நம்மை உறுத்துகிறது?

துப்பறிவோன் செய்யும் வேலை என்ன என்று எண்ணிப் பாருங்கள். கொலைகாரன் ஒரு பொய்க் கதையைப் புனைகிறான். அதற்கேற்ற காட்சியை அமைக்கிறான். அந்தக் காட்சியில் எங்கே தொடர்ச்சி அறுகிறது என்று தேடுவதே துப்பறிவோன் வேலை. பீட்டர் ஃபாக் நடித்த கொலம்போ முதன்முதல் தோன்றிய 1968ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் படத்தில், மனைவியைக் கொன்ற மருத்துவர் வெளியூர் சென்று திரும்பியவர்போல் வீட்டுக்குள் நுழைகிறார். நுழைந்தவர் மனைவியை அழைக்கவில்லை. ஊரிலிருந்து வரும் கணவன் குரல் கொடுக்காமல் இருப்பானா? கொலம்போவின் ஐயத்துக்கு அந்த மௌனமும் ஒரு காரணம். மருத்துவர் அமைத்த நாடகத்தில் அது ஒரு தொடர்ச்சிப் பிழை.

இப்போது தொல்லை விளங்கும். படம் எடுத்தவர்களே அப்படி ஒரு பிழை செய்துவிட்டால், கூர்ந்து பார்க்கும் நாம் அதையும் தடயம் என்று எடுத்துக்கொள்வோம். குற்றவாளியின் பிழை எது, இயக்குநரின் பிழை எது என்று பிரித்தறிய வழியில்லை. அசட்டையாகப் பார்ப்பவனுக்கு இழப்பு ஒன்றுமில்லை. கருத்தூன்றிப் பார்ப்பவனே ஏமாறுகிறான். துப்பறிவோன் காணும் தடயம் ஒவ்வொன்றையும் வாசகனுக்கும் உடனே காட்டிவிட வேண்டும் என்று 1929இல் விதி வகுத்தார் ரொனால்டு நாக்ஸ். தடயம் அல்லாததைத் தடயம்போல் காட்டுவதும் அந்த உடன்படிக்கையை மீறுவதுதான் என்பது என் கருத்து.

படப்பிடிப்பில் பிழை நேர்வது வியப்பன்று. காட்சிகளைக் கதை வரிசையில் எடுப்பதில்லை. ஒரே அறையில் நடக்கும் முதற் காட்சியையும் முடிவுக் காட்சியையும் ஒரே நாளில் எடுத்துவிடுவார்கள். நம் படப்பிடிப்புத் தளங்களில் இதைக் கவனிப்பதற்குக் ‘கன்டினியூட்டி பார்ப்பது’ என்று பெயர். பெரும்பாலும் உதவி இயக்குநர் தலையில் விழும் வேலை. ஆனால் ஆற அமர உட்கார்ந்து எழுதுபவருக்கு அந்தச் சாக்கு இல்லை. ஆர்தர் கோனன் டாயிலின் ‘செம்முடியோர் சங்கம்’ என்னும் கதையைப் பாருங்கள். முடிவைச் சொல்லிவிடுகிறேனே என்று வையாதீர்கள். கதை வெளிவந்தது 1891இல்.

செம்முடி படைத்த அடகுக் கடைக்காரர் வில்சனுக்கு வாரம் 4 பவுன் சம்பளத்தில் ஒரு வேலை கிடைக்கிறது. கலைக்களஞ்சியத்தை உட்கார்ந்து படியெடுக்க வேண்டும், அவ்வளவுதான். எட்டு வாரம் சென்றபின் ஒரு காலையில் சங்கம் கலைக்கப்பட்டது என்ற அட்டை கதவில் தொங்குகிறது. உண்மையில், அவரைக் கடையிலிருந்து வெளியேற்றிவிட்டு, நிலவறையிலிருந்து பக்கத்து வங்கிக்குச் சுரங்கம் தோண்டியிருக்கிறார்கள்.

விளம்பரம் வந்த நாளிதழின் தேதி 1890 ஏப்ரல் 27. இரண்டு மாதத்துக்கு முந்தையது என்கிறார் வாட்சன். கதவில் இருந்த அட்டையின் தேதியோ அக்டோபர் 9! இடையில் ஐந்து மாதத்துக்கு மேல் ஆகிறது. கருத்தூன்றிப் படிப்பவன் என்ன நினைப்பான்? வில்சன் பொய் சொல்கிறார், அல்லது நாளிதழே போலி என்று நினைப்பான். இரண்டும் இல்லை. அது மட்டுமா? அட்டையைக் கண்ட அன்றே ஹோம்ஸ், இன்று சனிக்கிழமை, தப்பி ஓட இரண்டு நாள் கிடைக்கும் என்பதால் திருடர்கள் இன்றிரவே வருவார்கள் என்று முடிவு செய்கிறார். நாட்காட்டியைப் புரட்டினால் 1890 அக்டோபர் 9 வியாழக்கிழமை. பிழை ஓரத்தில் விழுந்திருந்தால் விட்டுவிடலாம். இது தர்க்கத்தின் நடுவிலேயே விழுந்திருக்கிறது.

இவை மாறுகொளக் கூறல். குன்றக் கூறலும் உண்டு. தோண்டிய மண் எங்கே போயிற்று? தவழ்ந்து செல்லும் அளவுக்கு மூன்றடி அகலம், மூன்றடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். பத்தடி தோண்டினாலே 90 கன அடி மண். ஏறத்தாழ நான்கு டன். வில்சன் இரவில் உறங்குவது அந்த வீட்டில்தான். சமையலுக்குப் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருக்கிறாள். கடைப் பணியாளனின் கால்சட்டை முழங்காலைப் பார்த்தே சுரங்கத்தை ஊகித்த ஹோம்ஸ், மண்ணைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

பின்வந்தவர்கள் சில பொத்தல்களை அடைத்திருக்கிறார்கள். குற்ற உலகின் பேரரசன் மோரியார்ட்டி 1893இல் வந்த ‘இறுதிச் சிக்கல்’ கதையில் முன்னறிவிப்பின்றி முளைக்கிறான். ஜெரமி பிரெட் நடித்த கிரனாடா தொலைக்காட்சித் தொடரில், 1985இல், செம்முடியோர் சங்கத்தின் பின்னாலேயே அவனை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரம் அவன் வரும்போது நமக்குத் திகைப்பு இல்லை. அதே தொடரில் 1986 முதல் வாட்சனாக நடித்தவரே மாறிவிட்டார். முகமே வேறு! அதை எவரும் குறையாகக் கொள்ளவில்லை. நடிகரின் முகத்தை நாம் தடயமாகக் கொள்வதில்லையே.

வாட்சன் என்றவுடன் அவருடைய குண்டுக் காயம் நினைவுக்கு வருகிறது. 1887இல் வந்த முதல் நாவலில் அது தோளில். 1890இல் வந்த இரண்டாவது நாவலில் காலில். ஆசிரியரின் மறதி, அவ்வளவுதான். 2010இல் பி.பி.சி. எடுத்த ‘ஷெர்லாக்’ தொடரின் முதற்படத்தில் வாட்சன் ஊன்றுகோலோடு நொண்டி வருகிறார். காயம் உண்மையில் தோளில்தான். நொண்டல் மனத்தின் நோய் என்று ஹோம்ஸ் கண்டு சொல்கிறார். ஒரு வண்டியைத் துரத்தி இருவரும் லண்டன் தெருக்களில் ஓடுகிறார்கள். ஓடி முடித்தபின்தான் ஊன்றுகோலை உணவகத்திலேயே விட்டுவிட்டு வந்தது வாட்சனுக்குத் தெரிகிறது.