கட்டையைக் காய விடு

யானைக்கவுனி, சென்னை
புரட்டாசி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டிரெய்லரில் படகைத் தாங்கும் கட்டைகள் இரண்டும் மக்கிவிட்டன, கார்ப்பெட்டைப் பிரித்தால் விரலால் கிள்ளியே எடுக்கலாம் போலிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். கடல் தண்ணீர் பட்டுப் பட்டு அழுகிவிட்டது, இந்த முறை ரப்பர் அடி வைத்த கனமான கார்ப்பெட்டாகப் போட்டு நான்கு பக்கமும் இறுக்கி மூடிவிடட்டுமா என்று கேட்கிறாய். மூடக் கூடாது. அதை ஒரு வரியில் சொல்லிவிட்டேன். கடல் தண்ணீர் என்று சொன்னாயே, அதற்குத்தான் இந்த நீண்ட கடிதம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். என்னிடம் மரவேலை படித்த நீயும் அதையே சொல்வதை என்னால் பொறுக்க முடியவில்லை.

மரத்தை மக்கவைப்பது பூஞ்சை. அதற்குக் காற்றும் வேண்டும், ஈரமும் வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை தலையெடுக்காது. 30 சதவீதத்தை ஒட்டிப் போய், கூடவே காற்றும் கிடைத்தால் நம் ஊர் வெக்கையில் அது கொழுத்து வளரும். எப்போதும் நீருக்குள்ளேயே கிடக்கும் மரத்துக்குக் காற்று எட்டாது, அதனால் அது எளிதில் மக்குவதில்லை. நம் ஊர்க் கிணறுகளின் அடியில் நெல்லிக் கட்டையைப் போட்டுவைத்தவர்கள் இதை அனுபவத்தில் அறிந்தவர்கள். ஸ்வீடனின் வாசா கப்பல் 1628-ல் மூழ்கி 1961-ல்தான் மேலே வந்தது. 333 ஆண்டுகள் நீரடியில் கிடந்தும் அதன் மர உடல் பெரும்பாலும் முழுதாகவே இருந்தது. கடலில் மரத்துக்கு உண்மையான எதிரி கப்பல் புழு. புழு என்ற பெயர் இருந்தாலும் அது சிப்பி இனம். உப்பு குறைந்த பால்டிக் கடலில் அது வாழ முடியாததால்தான் வாசா தப்பியது. உன் டிரெய்லர் தண்ணீரில் நிற்பது சில நிமிடம்தான், அதற்குள் எந்தப் புழுவும் வந்து குடியேறாது.

அப்படியானால் கட்டையைத் தின்றது எது? மழைத் தண்ணீர். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் ஐப்பசியை ஒட்டிய மூன்று மாதங்களில் கொட்டுகிறது. அந்த மாதங்களில் உன் படகு கடலுக்குப் போகாமல் தெருவோரம் டிரெய்லரிலேயே நிற்கிறது. படகுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு கார்ப்பெட். அது குடித்த நீர் வெளியேற வழியில்லை. உப்பு தன்னளவில் பூஞ்சைக்குப் பகைதான். ஆனால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீர்விட்டுக் கசியும், நம் கடற்கரை இரவுகளில் அது அடிக்கடி நடக்கிற காரியம். அதனால் உப்பேறிய கார்ப்பெட் பகலில் காய்ந்தாலும் இரவில் மறுபடி நனைகிறது. பிறகு மழை வந்து உப்பைக் கழுவிவிட்டு ஈரத்தை மட்டும் விட்டுப்போகிறது. பூஞ்சைக்கு இதைவிட என்ன வேண்டும்?

கட்டுமரத்தை நினைத்துப் பார். மலைவேம்பு போன்ற லேசான மரங்களில் கட்டுவார்கள். உறுதியில் தேக்கின் பக்கத்தில்கூட நிற்க முடியாத மரங்கள் அவை. வர்ணம் கிடையாது, மருந்து கிடையாது, மேலே எந்த உறையும் கிடையாது. நாள்தோறும் கடலில் முழுக்க முழுக்க நனையும். இருந்தும் அவை ஆண்டுக்கணக்கில் உழைத்தன. காரணம், கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாக மணலில் கிடத்திக் காயவிட்டார்கள். நீர் குடித்த கட்டை கனத்துவிடும், சரியாக மிதக்காது, அதற்காகத்தான் காயவைத்தார்கள். மிதப்புக்காகச் செய்த காரியமே மரத்தின் ஆயுளையும் காத்தது என்பது என் முடிவு. இதைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன். விலை கூடிய கெட்டி மரத்தை வாங்கிக் கார்ப்பெட்டால் மூச்சடைக்க வைப்பவனைவிட, மட்டமான மரத்தை வாங்கித் தினமும் காயவைத்த மீனவனுக்கு மரத்தைப் பற்றி அதிகம் தெரியும்.

சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகுகளைப் பற்றி 1920-ல் எழுதிய ஆய்வு நூலை நீ அவசியம் படிக்க வேண்டும். அந்நூலைப் படித்த பிறகுதான் மசூலா படகைப் பற்றி நான் உட்கார்ந்து யோசித்தேன். துறைமுகம் வருவதற்கு முன் சென்னைக் கரையின் அலைகளைத் தாண்டிக் கப்பலுக்கு ஆளையும் சரக்கையும் கொண்டுசேர்த்த படகு அது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள், இரும்பாணியே கிடையாது. அலை அடித்தால் உடையாமல் வளைந்துகொடுக்கும் என்பது எல்லோரும் சொல்வது. இன்னொன்றையும் சேர்த்துப் பார். உப்பில் துருப்பிடிக்கும் ஆணி தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுத்துவிடும். பழைய மரப்படகில் ஆணியைச் சுற்றிக் கறுத்துப் பொடியாகும் இடத்தைப் பார்த்தால் இது உனக்கே விளங்கும். தைத்த படகுக்கு அந்த நோய் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் பெரும்பாலும் ஃபைபர் படகாகிவிட்டது. படகு மாறியதோடு மரத்தைக் காயவைக்கும் வழக்கத்தையும் நாம் கைவிட்டுவிட்டோம்.

இனி உன் வேலைக்கு வருகிறேன். வால்டாக்ஸ் சாலை மரவாடியில் கட்டை எடுக்கும்போது மரத்தின் பெயரைக் கேட்டு மயங்காதே, வெட்டுமுகத்தைப் பார். வைரத்தைச் சுற்றி வெளுத்துத் தெரியும் வெள்ளை கலந்திருந்தால் அது தேக்காக இருந்தாலும் வேண்டாம். பூஞ்சையை எதிர்க்கும் சத்து வைரத்தில்தான் இருக்கிறது. பனஞ்சட்டம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், வைரம் வெளியே இருக்கும் பனையையும் உள்ளே இருக்கும் மரத்தையும் தொல்காப்பியம் மரபியலில் தனித்தனியாக வகுத்துவைத்திருப்பதை நினைத்துக்கொள். பனையை உள்பக்கமாக அறுத்த பலகை பஞ்சு. மருந்தேற்றிய மரம் வாங்குவதானால் கணக்கு தலைகீழாகும். மருந்து வெள்ளைக்குள்தான் நன்றாக இறங்கும், வைரத்துக்குள் இறங்காது. கொச்சியில் 1957-ல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், தானாக நிற்கத் திராணியில்லாத ரப்பர் மரத்துக்கு மருந்தேற்றிப் படகே கட்டிக் காட்டியது. ஆனால் அழுத்தத்தில் ஏற்றிய மருந்தைத்தான் சொல்கிறேன், தூரிகையால் பூசுவது தோலோடு நின்றுவிடும். செம்பு கலந்த மருந்தேற்றிய கட்டையில் அலுமினியப் படகை மட்டும் வைக்காதே, அலுமினியம் அரித்துப்போகும். உன்னுடையது ஃபைபர், கவலையில்லை.

ஒரு பக்கத்துக் கட்டையை மாற்றி முடித்துவிட்டு மறுபக்கத்தைத் தொடு. இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் சாய்வு தப்பிவிடும். கட்டை படகின் பின்பலகை வரை நீள வேண்டும். எஞ்சினின் பாரம் அங்கேதான் தொங்குகிறது. கட்டை அதற்கு முன்பே முடிந்துவிட்டால் படகின் அடி அந்த முனையில் வளைந்து, ஓட்டும்போது மூக்கு தண்ணீரில் அழுந்தும். இரண்டுக்கு நாலு கட்டையைக் குத்துவாட்டில் நிறுத்தினால் படுக்கவைத்ததைவிட நாலு மடங்கு விறைப்பு உண்டு. படுக்கவைத்தால் படகின் அடிக்கு அகலமான தாங்கல் கிடைக்கும். உன் டிரெய்லரில் தாங்கிகளுக்கு இடையே தூரம் அதிகமென்றால் குத்துவாட்டில் வை, அருகருகே இருந்தால் படுக்கவை. போல்ட் துளையின் வாயில் குழி எடுத்து, தலை கால் இன்ச்சாவது உள்ளே இறங்கட்டும். கடலோரத்துக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்கு, 304 இங்கே துருவேறும். மரம் தண்ணீரை முனைகளிலும் துளைகளிலும்தான் வேகமாக உறிஞ்சும். அறுத்த முனைகளுக்கும் துளைகளுக்கும் பெயிண்டைத் தடிப்பாகக் கொடு, மற்ற பக்கங்களை அப்படியே விடு.

கார்ப்பெட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, படகின் அடி கீறாமலிருக்க அது வேண்டும். பருத்தியும் தேங்காய் நாரும் கலக்காத, ரப்பர் அடி இல்லாத செயற்கை இழை கார்ப்பெட்டாக எடு. மேற்பக்கத்தையும் இரு பக்கவாட்டையும் மட்டும் சுற்று, அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும். பக்கவாட்டில் மட்டும் ஸ்டெயின்லெஸ் பின்களை அடி. கார்ப்பெட்டுக்குப் பதில் வழுவழுப்பான பிளாஸ்டிக் பட்டை போடச் சொல்வார்கள். அது நீரைப் பிடிக்காது, நல்லதுதான். ஆனால் சரிவில் படகு தானாக வழுக்கி இறங்கிவிடும். அந்த வழிக்குப் போனால் படகு தண்ணீரைத் தொடும்வரை அதைப் பிடித்திருக்கும் கொக்கியைக் கழற்றாதே. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது படகுகளிலெல்லாம் கறை பிடித்தது உனக்கு நினைவிருக்கும். எண்ணெய் குடித்த கார்ப்பெட்டைக் கழுவித் திரும்பப் போடுகிற சிக்கனம் வேண்டாம், கிழித்துப் போட்டுவிட்டுப் புதிது சுற்று.

ஒவ்வொரு முறை கரையேறியதும் நல்ல தண்ணீரால் கட்டைகளைக் கழுவு. டிரெய்லரை மூக்கு மேலே தூக்கி நிறுத்து, தண்ணீர் பின்னால் ஓடிவிடும். மழை மாதங்களில் படகுக்கு மேலே தார்ப்பாய் போடுவதில் தப்பில்லை, ஆனால் பக்கவாட்டில் காற்று புகுந்து போகும்படி தூக்கிக் கட்டு. வாரம் ஒரு நாள் படகை ஜாக்கி வைத்து ஒரு பக்கமாகக் கொஞ்சம் தூக்கி, அந்தப் பக்கத்துக் கட்டை உலரும்வரை அப்படியே விடு, பிறகு மறுபக்கம். இதற்கெல்லாம் நேரமில்லை என்று எழுதாதே. நேரமில்லாதவன் அடுத்த மழைக்குள் மறுபடி கட்டை மாற்ற வேண்டியிருக்கும், அதற்கு நேரம் இதைவிட அதிகம் பிடிக்கும்.

ஐப்பசி பிறப்பதற்குள் வேலையை முடி. மரவாடிக்குப் போகிற நாளை முன்கூட்டியே சொல், கட்டை பொறுக்க நானும் வருகிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்